ஒரே பையில் கறியும் காகிதமும்

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

அழைப்பிதழில் என் தலைப்பைப் "போலந்தின் வீரப் போர்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அன்பினால் செய்தது, குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் பேச வந்தது பன்றிக்கொழுப்பைப் பற்றி. பேன்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1939 செப்டம்பர் முதல் தேதி ஜெர்மானியப் படை போலந்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி கிழக்கிலிருந்து சோவியத் படையும் வந்தது. அந்த மாத இறுதிக்குள் தலைநகர் வார்சா விழுந்துவிட்டது. நாட்டின் நடுப்பகுதிக்கு ஹான்ஸ் ஃப்ராங்க் என்ற வழக்கறிஞரை ஆளுநராக அமர்த்தினார்கள். கிராகோவ் நகரில் பழைய போலந்து மன்னர்களின் கோட்டையிலேயே அவர் குடியேறினார். இந்த வரலாறு பாடப் புத்தகத்தில் கிடைக்கும். அதற்கடுத்த நாள் காலையில் ஒரு சாதாரணக் குடும்பம் என்ன சாப்பிட்டது என்பதுதான் எனக்கு வேண்டும்.

1941இல் வார்சாவில் ரேஷன் அட்டைக்குக் கிடைத்த உணவைக் கலோரியாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஜெர்மானியருக்கு 2,613. போலந்துக்காரருக்கு 669. சுவர் எழுப்பி உள்ளே அடைக்கப்பட்ட யூதருக்கு 184.

வளர்ந்த மனிதர் ஒருவர் நடமாட வேண்டுமானால் 669ஐப் போல மூன்று மடங்காவது வேண்டும். அப்படியானால் சட்டத்தை முழுமையாக மதித்து நடந்த போலந்துக்காரர் சில மாதங்களில் செத்திருப்பார். 1942இல் வார்சாத் தெருவில் ஒருவர் உயிரோடு நடந்து போகிறாரா? அவர் குற்றவாளிதான், தனியாக விசாரிக்கத் தேவையில்லை. ஒரு தேசத்தையே குற்றவாளியாக்கிவிட்டு, மக்கள் சட்டத்துக்கு அஞ்சி நடப்பார்கள் என்று எதிர்பார்த்தது அந்த ஆட்சி. அதன் மாபெரும் முட்டாள்தனம் இதுதான் என்பது என் கருத்து.

உணவு கிராமத்தில் இருந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு பன்றிக்கும் காதில் தகட்டு எண் மாட்டிக் கணக்கு வைத்திருந்தார்கள். கணக்கில் வராமல் அறுத்தால் மரணதண்டனை வரை போகலாம். இருந்தும் அறுத்தார்கள். அதை நகரத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கொழுப்பையும் கறியையும் இடுப்பில் சுற்றி, மேலே தடித்த கோட்டு போட்டுக்கொண்டு ரயிலேறினார்கள். கோடையிலும் அந்தக் கோட்டுதான். கெர்ட்செலி சதுக்கத்துச் சந்தையில் காசிருந்தால் எதுவும் கிடைக்கும். காசுதான் இல்லை. சம்பளம் போருக்கு முந்தைய நிலையிலேயே நிற்க, விலையோ பன்மடங்கு ஏறிவிட்டது. கல்லூரி ஆசிரியர் வீட்டுப் புத்தகத்தை விற்றார், அவர் மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்றார். மோட்டார் வண்டிகளைப் படையினர் பிடுங்கிக்கொண்டதால் வார்சாத் தெருக்களில் மிதி ரிக்‌ஷாக்கள் ஓடத் தொடங்கின. படித்தவர்களும் அதை மிதித்தார்கள்.

வானொலிப் பெட்டி வைத்திருந்தாலும் மரணதண்டனைதான். தெருமுனைகளில் ஒலிபெருக்கி கட்டி ஜெர்மானியச் செய்தியைக் கத்தவிட்டார்கள். அதற்கு மக்கள் வைத்த பெயர் 'குரைப்பான்'. ஆட்சியாளர் போலிஷ் மொழியில் நடத்திய செய்தித்தாளை ஊர்ந்து திரியும் விஷப்பிராணியின் பெயரால் அழைத்தார்கள். உண்மைச் செய்திக்கு ரகசிய ஏடுகள் இருந்தன. அவற்றில் பெரியது சாரணர் இயக்கத்துக்காரரான அலெக்சாந்தர் கமின்ஸ்கி நடத்திய 'பியூலெட்டின்' வார இதழ். ஒரு கட்டத்தில் 40,000 பிரதிகளுக்கு மேல் அச்சானது. கள்ள அச்சகத்தில் அச்சான ஏடு அத்தனை பேரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

என் பதில் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. கறி கடத்தினாலே உயிருக்கு ஆபத்து என்றான பிறகு, கறிக்கடியில் நான்கு காகிதத்தை மடித்து வைப்பதால் கூடுதலாக என்ன போய்விடப் போகிறது? எந்த ரயிலில் சோதனை வரும், எந்தக் காவலன் காசு வாங்குவான், எந்த வீட்டுப் பின்வாசல் திறந்திருக்கும் என்பதையெல்லாம் அடுப்புக்காகக் கற்றுக்கொண்டார்கள். அச்சகத்துக்கும் அதே பாடம்தான் உதவியது.

காகிதம் என்றதும் இன்னொன்று. வார்சாவில் தெருவை இருபுறமும் அடைத்து, அகப்பட்டவர்களை லாரியில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. 'வபன்கா' என்பார்கள். அப்படிப் போனவர்கள் ஜெர்மனியில் கட்டாய உழைப்புக்கோ வதைமுகாமுக்கோ போய்ச் சேர்ந்தார்கள். விடுபட வேண்டுமானால் ஜெர்மானியருக்குத் தேவையான வேலையில் இருப்பதாகச் சான்று வேண்டும். அப்படிப்பட்ட சான்றுகளிலேயே வலிமையானதைக் கொடுத்தவை பேன்கள்.

சிரிக்கிறீர்கள். கேளுங்கள். லுவூவ் நகரில், இன்று அது உக்ரைனின் லிவிவ், ருடால்ஃப் வைகல் என்ற விஞ்ஞானி டைஃபஸ் காய்ச்சலுக்குத் தடுப்பூசி தயாரித்துவந்தார். டைஃபாய்டு அல்ல, பேன் பரப்பும் டைஃபஸ். கிழக்குப் போர்முனையில் சோவியத்தோடு மோதிய ஜெர்மானியச் சிப்பாய்களுக்கு அது உடனே வேண்டியிருந்தது. பேனின் உடலுக்குள் கிருமியை வளர்த்து, அதன் குடலிலிருந்து மருந்தெடுப்பது வைகலின் முறை. பேனோ மனித ரத்தம் தவிர வேறெதையும் தொடாது. ஆகவே அதற்கு ஊட்ட ஆள் வேண்டும். சின்னப் பெட்டிகளில் நூற்றுக்கணக்கான பேன்களை அடைத்துக் காலில் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், வேலை அவ்வளவுதான். கூடுதல் ரேஷனும் சான்றும் கிடைக்கும். தொற்றுக்குப் பயந்து ரோந்துக்காரர்கள் அந்தச் சான்று வைத்திருப்பவரை நெருங்கமாட்டார்கள்.

வைகல் அந்த வேலைக்குப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் தலைமறைவு இயக்கத்தாரையும் தேடிச் சேர்த்தார். கணிதம் படித்தவர்கள் இங்கே இருந்தால் 'பனாக் வெளி' என்று படித்திருப்பீர்கள். அந்த ஸ்டெஃபான் பனாக் ஜெர்மானிய ஆட்சிக் காலத்தில் பேனுக்கு ரத்தம் கொடுத்துப் பிழைத்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த கருத்தரங்க அறைகளில் ஒன்று அதுவாகத்தான் இருந்திருக்கும். தடுப்பூசியில் ஒரு பகுதி ரகசியமாக யூதச் சேரிகளுக்கும் போனது.

பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாக. போலந்துப் பிள்ளைக்கு 500 வரை எண்ணவும் தன் பெயரை எழுதவும் தெரிந்தால் போதும், வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை என்று 1940 மே மாதக் குறிப்பில் நாஜி எஸ்.எஸ். படையின் தலைவர் ஹிம்லர் எழுதினார். உயர்நிலைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. கிராகோவில் 1939 நவம்பர் 6 அன்று, கூட்டம் என்று சொல்லி வரவழைத்த பேராசிரியர்களையே பிடித்து முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனால் தொழிற்பயிற்சிக்கு அனுமதி உண்டு. வார்சாவில் யான் ஸாவோர்ஸ்கி என்ற மருத்துவர் சுகாதாரத் துணைப் பணியாளர்களுக்கான பயிற்சிப் பள்ளி என்று சொல்லி அனுமதி வாங்கினார். உள்ளே நடந்தது முழு மருத்துவக் கல்லூரி. மற்ற வகுப்புகள் வீடுகளில், ஐந்தாறு பிள்ளைகளாக நடந்தன. பாடப் புத்தகமும் சில நாள் கறிப்பையில் போயிருக்கும்.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். கோப்பர்நிக்கஸை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இறங்க மனம் வராது.

வார்சாவில் போலந்தின் பழைய வானியலாளர் கோப்பர்நிக்கஸின் சிலை இருக்கிறது. அவரை ஜெர்மானியராக்கி அதில் ஒரு ஜெர்மன் பலகை பொருத்தினார்கள். 1942 பிப்ரவரி 11 அன்று அலெக் தவிதோவ்ஸ்கி என்ற 21 வயது இளைஞர் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பழிக்குப் பழியாக, 1794இல் வார்சாவில் கிளர்ச்சி நடத்திய செருப்புத் தொழிலாளி கிலின்ஸ்கியின் சிலையை ஜெர்மானியர் அகற்றி அருங்காட்சியகத்தில் ஒளித்துவைத்தார்கள். விரைவிலேயே அந்தக் கட்டடச் சுவரில் எழுத்து: "வார்சா மக்களே, நான் இங்கே இருக்கிறேன். யான் கிலின்ஸ்கி." அதன் பிறகு நகரெங்கும் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. கிலின்ஸ்கியை அகற்றியதற்குப் பதிலடியாகக் குளிர்காலத்தை ஆறு வாரம் நீட்டிக்க உத்தரவிடுகிறேன். இப்படிக்கு, கோப்பர்நிக்கஸ், வானியலாளர். கிழக்கு முனையில் குளிரில் சாகும் படைக்குச் சொன்ன சேதி அது. அந்த ஆண்டுக் குளிர் உண்மையாகவே நீண்டது. அலெக் அடுத்த ஆண்டு மார்ச்சில், கைதி ஒருவரை மீட்கும் தாக்குதலில் காயம்பட்டு இறந்தார்.

இதோடு கைதட்டி எழுந்துவிட்டால் பொய் சொன்னவனாவேன். கடத்தலில் பழகிய கண்ணும் காதும் எல்லாரிடமும் நல்ல வேலை செய்யவில்லை. ஒளிந்திருக்கும் யூதர்களைக் கண்டுபிடித்து, காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டிப் பணம் பறித்தவர்களும் போலந்துக்காரர்களே. அவர்களை 'ஷ்மால்ட்சோவ்னிக்' என்றார்கள். 'ஷ்மாலெட்ஸ்' என்றால் பணத்துக்கான கொச்சைச் சொல். அதன் மூலப்பொருள் பன்றிக்கொழுப்பு. யூதருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணம் என்று 1941 அக்டோபரிலேயே ஃப்ராங்க் ஆணையிட்டிருந்தார். இருந்தும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஜெர்மானியருக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும் பயந்தார்கள்.

இரேனா செந்த்லர் நகராட்சி நலத்துறை ஊழியர். டைஃபஸ் பயத்தால் ஜெர்மானியர் சுகாதாரச் சோதனைக்கு மட்டும் யூதச் சேரிக்குள் போக அனுமதித்தார்கள். அந்த அனுமதிச் சீட்டு அவரிடம் இருந்தது. இங்கும் பேன்தான் வழி திறந்தது. அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் சாக்கிலும் பெட்டியிலும் ஆம்புலன்ஸிலும் குழந்தைகளை வெளியே கொண்டுவந்தார்கள். சுமார் 2,500 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். புதுப் பெயர் பெற்ற ஒவ்வொரு குழந்தையின் உண்மைப் பெயரையும் மெல்லிய தாள் துண்டுகளில் எழுதி, ஜாடியிலிட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள். போர் முடிந்ததும் பெற்றோரிடம் ஒப்படைக்க.

போர் முடிந்தது. தாள்களை எடுத்தார்கள். அந்தப் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் ட்ரெப்லிங்கா கொலைமுகாமில் கொல்லப்பட்டிருந்தார்கள்.