சி.எஸ். இறக்கிய குட்டைக் கோதுமை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சி. சுப்பிரமணியம் என்றதும் பசுமைப் புரட்சி, பாரத ரத்னா என்று இரண்டு வார்த்தை சொல்லி நிறுத்திவிடுகிறோம். அவர் எடுத்த முடிவின் கனம் வயலில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றார்; பிறகு அரசியல் நிர்ணய சபை, சென்னை மாநில அமைச்சரவை. 1964இல் லால் பகதூர் சாஸ்திரி உணவு, வேளாண்மைத் துறையை அவர் கையில் கொடுத்தார். மறு வருடமே மழை பொய்த்தது. 8.9 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 7.2 கோடிக்கு இறங்கியது. 1966இல் மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல் தானியம் கப்பலில் வந்துதான் நாடு சாப்பிட்டது.

நம் பழைய கோதுமை நெடுநெடுவென்று வளரும். உரம் கூட்டினால் கதிர் கனத்துத் தாள் தாங்காது, பயிர் சாய்ந்துவிடும். மெக்சிகோவின் குட்டை ரகங்களான சொனோரா 64, லெர்மா ரோஹோ இரண்டும் ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கொடுத்தாலும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அந்த விதைக்கு முளைக்குருத்தைக் காக்கும் உறை நீளம் குறைவு. ஈரம் தேடி ஆழமாகப் போடும் பழைய வழக்கப்படி விதைத்தால் முளை மண்ணுக்குள்ளேயே மடங்கிப்போகும். 5 செ.மீ. ஆழம்தான் கணக்கு. விதைத்த 21ஆம் நாள் வாக்கில் புது வேர் இறங்கும்போது முதல் தண்ணீர் கட்ட வேண்டும். தவறினால் தூர், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள், குறையும்; விளைச்சல் போகும்.

ஆக, விதையை மட்டும் இறக்கினால் பயனில்லை. உரம், பாசனம், கட்டுப்படியாகும் விலை எல்லாம் கூடவே வரவேண்டும். இதை முழுசாகப் புரிந்துகொண்டவர் சி.எஸ். 1965இல் விலை நிர்ணயத்துக்கு வேளாண் விலை ஆணையமும், கொள்முதலுக்கு இந்திய உணவுக் கழகமும் வந்தன. வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் முதன்முதலாக ஒரு விஞ்ஞானி, பி.பி. பால், அமர்ந்தார். எம்.எஸ். சுவாமிநாதன் போன்றவர்கள் விவசாயிகளின் நிலத்திலேயே செயல்விளக்கத் திடல்கள் போட்டார்கள். அமைச்சரும் தில்லி பங்களாவின் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தார். என்னைக் கேட்டால், அவருடைய எல்லா உரைகளையும்விட அந்தப் புல்வெளி அதிகம் பேசியது.

அந்நியச் செலாவணி கரைகிறதே என்று அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு. வெளிநாட்டு விதையை நம்பலாமா என்று இடதுசாரிகளும் கேட்டார்கள். இருந்தும் 1966இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து வந்து சேர்ந்தது. மணி சிவப்பாக இருந்ததால் சந்தையில் மதிப்பில்லை. நம் விஞ்ஞானிகள் மெக்சிகோ வழி வந்த பயிரிலிருந்தே வெளிர்மஞ்சள் மணி தரும் கல்யாண் சோனாவையும் சோனாலிகாவையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள்.

1967 தேர்தலில் கோபிச்செட்டிபாளையத்தில் சி.எஸ். தோற்றார். 1968 அறுவடையில் கோதுமை 1.6 கோடி டன்னைத் தாண்டியது. வடக்கே மூட்டை அடுக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களை அடைத்து அங்கே கோதுமையைக் கொட்டி வைத்தார்கள். அப்போது அவர் அமைச்சராக இல்லை.