விமான ஊழியரின் ஓய்வும் நம் டிக்கெட்டும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் விமான டிக்கெட் போட்டுத் தரும் தொழில் செய்கிறவன் நான். என் மேசைக்கு எதிரில் உட்காருகிறவர்கள் கேட்பதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். விலை என்ன, காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாமா, சாம்பிள் பெட்டிக்கு எத்தனை கிலோ விடுவார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். நாலாவதாக ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அந்த நிறுவனம் தன் ஆட்களை எப்படி வைத்திருக்கிறது?

அது நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இது புதுசே இல்லை. வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுக்கும் முன் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறார். வந்தவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டுகிறார், ஓ.டி. கணக்கைப் பார்க்கிறார், டெய்லரைத் தனியாகக் கூப்பிட்டு வார லீவு கிடைக்கிறதா என்று விசாரிக்கிறார். பனியன் வாங்குகிறவருக்கே அந்த உரிமை உண்டென்றால், உயிரை ஒப்படைத்துவிட்டு ஏறி உட்காருகிற நமக்கு எவ்வளவு உண்டு!

கோவை பீளமேடு விமான நிலையத்தில் ராத்திரி விமானம் வந்து நின்றதும் கடைசி ஆளாக இறங்கிப் பாருங்கள். நாம் எழுந்த அடுத்த நிமிடம் பணிப்பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு சீட்டுப் பைகளில் கிடக்கும் காகிதக் கப், உரித்துப்போட்ட தோல் எல்லாவற்றையும் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். பெல்ட்டுகளைக் குறுக்காக மடித்து வைப்பார்கள். குறைந்த கட்டண நிறுவனங்களில் அரைமணி நேரத்துக்குள் விமானம் மறுபடி கிளம்ப வேண்டும். கீழே பெட்டி ஏற்றும் லோடருக்கு அதைவிடக் கஷ்டம். அந்தச் சரக்கு அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்கால் போட்டுத்தான் ஒவ்வொரு பெட்டியையும் உள்ளே தள்ள வேண்டும். பெரும்பாலும் அவர் விமான நிறுவனத்து ஆள்கூட இல்லை, ஒப்பந்தக் கூலி.

சம்பளக் கணக்கும் பலருக்குத் தெரியாது. பல நிறுவனங்களில் பணிக்குழுவின் வருமானத்தில் ஒரு பகுதி பறக்கும் மணிக்கணக்கில் வருகிறது. நாம் ஏறுவதும், பெட்டியை மேலே திணிப்பதும், விமானம் தாமதமாகி நிற்பதும் அந்தக் கணக்கில் சேராது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் விமானப் பணியாளர்கள் சுமார் 10,000 பேர் வேலைநிறுத்தம் செய்ததற்கு, தரையில் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை என்பது முக்கியக் காரணம். அமெரிக்காவின் டெல்டா 2022-லேயே பயணிகள் ஏறும் நேரத்துக்கு, பாதி விகிதத்திலாவது, கூலி கொடுக்கத் தொடங்கிவிட்டது.

இவர்களைத் தண்ணீரும் சாண்ட்விச்சும் தருகிறவர்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா ஓடுபாதையில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இன்னொரு விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எந்தக் கதவுக்கு வெளியே நெருப்பு இருக்கிறது, எதைத் திறக்கலாம் என்று அந்த நொடியில் பார்த்து முடிவெடுத்தது பணிக்குழு. தூக்கம் இல்லாத கண்ணுக்கு அந்த முடிவு வராது.

பைலட்டுகளின் ஓய்வு பற்றி நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் புதிய விதி கொண்டுவந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுப் பணியில் ஒரு பைலட் விமானத்தைத் தரையிறக்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அதன் கடைசிக் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. அப்புறம் நடந்தது நினைவிருக்கும். நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ அதற்கு வேண்டிய பைலட்டுகளைத் தயார் செய்து வைக்காமல், டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. ஓய்வு விதியால்தான் இந்த வினை என்று பலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. விதி வரப்போவது முன்னாலேயே தெரியும். அத்தனை பயணிகளும் தவித்த நேரத்தில் அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தார்கள். தயாராக இல்லாத நிறுவனத்துக்காகப் பைலட்டின் தூக்கத்தில் கைவைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் பணத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. இரண்டிலும் விமானம் நிற்பதற்குப் பல மாதம் முன்பே ஊழியர் சம்பளம் பாக்கி. அந்தச் செய்தியைப் படித்தபிறகும் விலை குறைவு என்று முன்கூட்டி டிக்கெட் எடுத்தவர்கள் பணத்துக்கு அலைந்தார்கள். சம்பள பாக்கிச் செய்தி கண்ணில் பட்டால் அந்த நிறுவனத்தில் மூன்று மாதம் முன்னால் பதிவு செய்யாதீர்கள்.

சரி, வேறு என்ன பார்க்கலாம்? இயக்குநரகம் மாதாமாதம் நிறுவனவாரியாக ரத்து விகிதம், நேரம் தவறாமை, பத்தாயிரம் பயணிகளுக்கு எத்தனை புகார் என்று வெளியிடுகிறது. ஒரே விலையில் இரண்டு இருந்தால் அதைப் பார்த்து எடுங்கள். தாமதமானால் கவுண்டரில் நிற்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்தப் பிள்ளை கையில் எந்த முடிவும் இல்லை. மத்திய அரசின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் கொடுத்தால் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

திருப்பூர், ஈரோடு, கரூர் கம்பெனிகள் வருஷம் முழுக்க டிக்கெட் எடுக்கின்றன. மொத்த ஒப்பந்தம் பேச விமான நிறுவனத்தின் விற்பனை ஆள் உங்கள் ஆபீசுக்கே வருவார். தள்ளுபடி பேசி முடிந்ததும் அவரை எழுந்துபோக விடாதீர்கள். பணிக்குழுவுக்கு வார ஓய்வு எவ்வளவு, யாருக்கு எந்த நாள் வேலை என்ற ரோஸ்டரை எத்தனை நாள் முன்னால் கொடுக்கிறீர்கள், லோடர்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டப்படுகிறதா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் மேசைக்கு வரும் விற்பனை ஆட்களிடம் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.