திரை கறுத்தால் முதலில் சூட்டைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது லப்டொப் திரை கறுத்துவிட்டால், அநேகம் பேர் உடனே விண்டோஸை அழித்துத் திரும்பப் போடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். மெஷின் எப்படி விழுந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

திரை ஓரிரு விநாடி கறுத்துத் திரும்பி வந்து, கேம் மட்டும் மூடிக்கொள்கிறதா? கிராபிக்ஸ் சிப் 2 விநாடிக்குள் பதில் தராததால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. விண்டோஸ் நடந்தவற்றைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரில் அதே நேரத்துக்கு 4101 என்ற இலக்கம் நிற்கும். வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் என்று நீலத் திரை வந்தால், எழுப்பியும் எழும்பவில்லை. ட்ரைவர் (சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்), சூடு, சிப் மூன்றாலும் இவை வரலாம். ஆனால் ஒரு செய்தியும் இல்லாமல் பட்டென்று முழுதாக நின்று, ஈவன்ட் வியூவரில் கேர்னல் பவர் 41 மட்டும் இருந்தால், சூட்டையும் கரண்டையும் சந்தேகியுங்கள்.

சூட்டைப் பற்றித்தான் கூடச் சொல்ல வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் நம் திருகோணமலையில் அறையே அனலாக இருக்கும். அதில் லப்டொப்பை மெத்தையில் வைத்தால் கீழ்த் துவாரங்கள் அடைபட்டுவிடும். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து 20 நிமிடம் விளையாடுங்கள். சிப் 87 பாகையை அண்டி நின்று, வேகம் ஏறி இறங்கினால் காற்றோட்டம் போதவில்லை.

கீழ் மூடியைக் கழற்றினால் விசிறி சுத்தமாகத்தான் தெரியும். அங்கேதான் ஏமாறுகிறோம். விசிறியின் மேல்தகட்டையும் எடுத்து, செப்புத் தகடுகளோடு அது சேரும் வாயைப் பாருங்கள். கம்பளித் துண்டு மாதிரி ஒரு சாம்பல் படை இருக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடற்காற்றின் ஈரத்தில் தூசி ஒட்டிப் பிடித்துவிடும். வெளியே இருந்து ஊதினால் இன்னும் உள்ளே இறுகும். சார்ஜரைக் கழற்றி, பட்டறி இணைப்பையும் பிடுங்கிவிட்டு, அந்தப் படையை இடுக்கியால் எடுங்கள். பிறகு ஊதுங்கள். ஊதும்போது விசிறி இதழை ஒரு பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பேஸ்டை மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழையது வெள்ளிபோல மினுங்கித் தளும்பினால் அது திரவ உலோகம். மின்சாரம் கடத்தும், ஒரு துளி போர்டில் விழுந்தாலும் ஷோர்ட் ஆகலாம். அதைத் தொடாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். சாதாரண பேஸ்ட் என்றால் சிப் முழுவதும் மெல்லியதாகப் பூசி, ஆணிகளை அவற்றின் இலக்க வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பக்கத்து மெமரியில் இருக்கும் ரப்பர் பட்டைகளை வேறு தடிப்பில் மாற்றிவிட்டால் தகடு சிப்பில் சரியாகப் படியாது.

சூடு சரி என்று உறுதியான பிறகுதான் ட்ரைவர். இணையத்தைத் துண்டியுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் தானாகவே ஒன்றைப் போட்டுவிடும். விண்டோஸ் அவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில், டிடியு என்ற ட்ரைவர் நீக்கும் மென்பொருளால் பழையதைத் துடைத்துவிட்டு, லப்டொப் தயாரித்த நிறுவனம் தருகிற ட்ரைவரையே முதலில் போடுங்கள். சிப்பின் வேகத்தைக் கூட்டி ஓவர்குளொக் செய்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சார்ஜரின் வோட் (W, வோல்ட் அல்ல) அளவு குறையக்கூடாது. 230 வோட் கேட்கும் மெஷினுக்கு 120 போதாது. தளர்ந்த எக்ஸ்டென்ஷனில் செருகாதீர்கள். நிறப் புள்ளிகள் வந்தால் வெளி மொனிட்டரை எச்டிஎம்ஐயில் இணைத்துப் பாருங்கள்: அதிலும் வந்தால் பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப் அல்லது அதன் மெமரி, லப்டொப் திரையில் மட்டும் என்றால் கேபிள் அல்லது பனல். வணக்கம்.