முதலில் தராசு, பிறகு கைதட்டல்

பைக் பந்தயம் ஓட்டும் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 18. ஸ்பெயினில் வாலென்சியா டிராக் மழையில் நனைந்து கிடக்கிறது. உலக பைக் சாம்பியன்ஷிப்பான கிராண்ட் பிரீயின் மிகச் சிறிய எஞ்சின் வகுப்பான மோட்டோ3 பந்தயத்தில் துருக்கியைச் சேர்ந்த ஜான் ஒன்ஜு இறங்குகிறார். கிராண்ட் பிரீயில் அதுதான் அவருக்கு முதல் பந்தயம். வயது 15, அதற்கு மேல் 115 நாள். அந்த ஆண்டின் சாம்பியன் ஹோர்ஹே மார்ட்டினைப் பின்னுக்குத் தள்ளி அவர் வென்றார். கிராண்ட் பிரீயில் அவ்வளவு சிறிய வயதில் வேறு யாரும் வென்றதில்லை.

இந்த வெற்றியை முதலில் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோட்டோ3இல் ஓட்டுபவரையும் வண்டியையும் சேர்த்துத் தராசில் ஏற்றினால் 152 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆள் ஒல்லியாக இருந்தால் வண்டியில் எடை கட்டித்தான் ஆக வேண்டும். மழையிலோ எஞ்சின் சக்தியைவிட ஆக்ஸிலரேட்டரைத் திருகும் கைப்பக்குவம் பெரிது. குறைந்த எடையின் தயவு பெரும்பாலும் விலக்கப்பட்ட இடத்தில் அவர் வென்றார். அதனால்தான் அது திறமைக்குச் சான்று.

நம் பயிற்சி நாட்களில் நடப்பது வேறு. கார்ட்டிங் டிராக்கில் சிறிய பைக்கில் 12 வயதுப் பிள்ளை பெரியவர்களை வரிசையாக முந்துகிறது. எல்லோரும் கைதட்டுகிறோம். தராசு எங்கேயும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 80 கிலோ, எஞ்சின் 15 குதிரைசக்தி என்று வையுங்கள். சூட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்ட பிள்ளை 40 கிலோ. அதே கோலத்தில் பெரியவர் 80 கிலோ. மொத்தம் ஒருவருக்கு 120, மற்றவருக்கு 160. ஒரு குதிரைசக்தி பிள்ளைக்கு 8 கிலோவை இழுக்கிறது. பெரியவருக்குக் கிட்டத்தட்ட 10.7 கிலோவை. அதாவது பிள்ளையின் கையில் இருப்பது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தியுள்ள வண்டி. குனிந்து படுத்தால் காற்றில் படும் பரப்பும் குறைவு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் நேர்பாதையின் கடைசி 50 மீட்டரில் அது நன்றாகத் தெரியும்.

வளைவுக்கு வந்தால் கதை திரும்புகிறது. ஒரே வளைவை ஒரே வேகத்தில் எடுக்க எவ்வளவு சாய வேண்டும் என்பதில் எடைக்குப் பங்கில்லை. 45 பாகை சாய்வென்றால் 40 கிலோவுக்கும் அதே வேகம், 80 கிலோவுக்கும் அதே வேகம். உடலை உள்பக்கம் தொங்கவிடும்போதுதான் வித்தியாசம் வருகிறது. பெரியவர் 20 செ.மீ. நகர்ந்தால் வண்டியும் ஆளும் சேர்ந்த ஈர்ப்பு மையம் 10 செ.மீ. உள்ளே வரும். பிள்ளை அதே 20 செ.மீ. நகர்ந்தால் 7 செ.மீ. கூட வராது. ஆகவே அதே வேகத்துக்குப் பிள்ளை வண்டியைக் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருக்கிறது. வளைவின் நடுவில் பெரியவருக்கு நிகரான வேகம் வைத்திருக்கும் பிள்ளையிடம் நிஜமாகவே ஏதோ இருக்கிறது. நேர்பாதையில் முந்தும் பிள்ளையைப் பற்றி நமக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் வேகத்தையும் பதியும் ஜிபிஎஸ் லேப் டைமர் ஒன்று போதும். ஒரே வண்டி, ஒரே டயர், இருவருக்கும் பத்துப் பத்து லேப். முதல் இரண்டையும் கடைசி ஒன்றையும் தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு லேப்பையும் இரண்டு வகையாக வெட்டுங்கள்: பிரேக் பிடித்ததிலிருந்து ஆக்ஸிலரேட்டர் முழுதாகத் திறக்கும்வரை வளைவு, மீதியெல்லாம் நேர்பாதை. பிள்ளை 0.8 விநாடி முன்னால் இருந்து, அதில் 0.7 நேர்பாதையில் வந்திருந்தால், நீங்கள் கைதட்டியது எடைக்கு. வளைவின் மிகக் குறைந்த வேகத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஏழு லேப்பிலும் நேரம் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதையும் பாருங்கள். ஒரே ஒரு மின்னல் லேப்பைவிட அந்த நெருக்கம்தான் அதிகம் பேசும்.

அடுத்தது சஸ்பென்ஷன். அதிகம் கெடுவது இங்கேதான். பெரியவருக்கு அமைத்த ஸ்பிரிங்கோடு பிள்ளையை ஏற்றினால் வண்டி இறங்கவே இறங்காது. பிரேக் பிடித்தாலும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்காது; முன் டயரில் பாரம் விழாது; வண்டி திரும்ப மறுத்து அகலமாக ஓடும். பிள்ளை ஈடுகட்ட இன்னும் சாய்க்கும். முன்சக்கரம் வழுக்கும். ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் "பயப்படாமல் சாய்" என்று கத்துவார். அதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. தப்பு ஸ்பிரிங்கில், திட்டு பிள்ளைக்கு.

அளக்கும் முறை எளிது. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சக்கர அச்சிலிருந்து சீட்டில் வைத்த குறிவரை அளந்துகொள்ளுங்கள். பிறகு முழு கிட்டோடு பிள்ளையை ஓட்டும் நிலையில் உட்காரவைத்து மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்குமான வித்தியாசம், சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் நாலில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருக்கட்டும். குறைவாக இருந்தால் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவை, தளர்த்துங்கள். முழுக்கத் தளர்த்தியும் எட்டவில்லையென்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். பிரீலோட் வண்டியின் உயரத்தை மாற்றும். ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. மென்மையான ஸ்பிரிங் போட்டபின் ரீபவுண்டையும், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழுவதை மெதுவாக்கும் தடையையும், குறைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மேடுபள்ளத்தில் பின்பக்கம் திரும்ப எழ நேரமில்லாமல் அமுங்கியே கிடக்கும்.

நேர்பாதை முடியும் முன்பே எஞ்சின் அதற்கு மேல் சுழலவிடாத லிமிட்டரைத் தொட்டால், செயின் ஓடும் பின் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறையுங்கள். பிரேக் லிவரைக் குட்டி விரல்களுக்கு எட்டும்படி உள்ளே இழுத்து வையுங்கள். எடை குறைவாக இருப்பதால் சிறு அழுத்தத்துக்கே முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆகவே கடுமையாகக் கடிக்கும் பிரேக் பேட் வேண்டாம். டேங்கின் இரு பக்கமும் ஃபோம் ஒட்டுங்கள். முழங்கால் டேங்கைப் பிடிக்காத பிள்ளை, பிரேக் பிடிக்கும்போது தன் உடலைக் கையால் தாங்கும். கை தாங்கினால் ஹேண்டில் உறைந்துபோகும். லேசான ஆள் ஏறினால் டயர் சூடாகவும் கூடுதல் நேரமாகும். முதல் இரண்டு லேப்பில் முந்தக் கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாகவே வையுங்கள்.

இனிச் சொல்வது கனமான விஷயம்.

2021 ஜூலையில் ஸ்பெயினின் அரகோனில், ஐரோப்பிய டேலன்ட் கப் பந்தயத்தில் 14 வயது ஹூகோ மிலான் கீழே விழுந்து, பின்னால் வந்த வண்டி மோதி இறந்தார். செப்டம்பரில் ஹெரெஸில் 15 வயது டீன் பெர்தா வின்யாலெஸ் இறந்தார். அதன்பிறகுதான் மோட்டோ3இன் குறைந்தபட்ச வயது 2023 முதல் 18 ஆனது. ஜூனியர் தொடர்களில் முன்னிலை பெற்றவர்களுக்கு மட்டும் சிறு தளர்வு உண்டு. 2023 ஆகஸ்ட் 5 அன்று நம் இருங்காட்டுக்கோட்டையில், தேசியச் சாம்பியன்ஷிப்பின் ரூக்கி (புதியவர்கள்) பந்தயத்தில், பெங்களூரின் ஷ்ரேயஸ் ஹரீஷ் முதல் வளைவை விட்டு வெளியே வரும்போது விழுந்து இறந்தார். அன்று காலைதான் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்திருந்தார். 13 வயது. அந்த வார இறுதியின் மற்றப் பந்தயங்கள் ரத்தாயின.

லேசான பிள்ளை தொடக்கத்தில் எல்லோரையும்விடச் சீக்கிரம் கிளம்பும். முதல் வளைவுக்கு முன்னணியில் வந்து சேரும். டயர் இன்னும் சூடேறியிருக்காது, மொத்தக் கூட்டமும் பின்னால் இருக்கும். முன்னால் விழுபவருக்குத்தான் பின்னால் அத்தனை சக்கரங்கள். எந்த சூட்டும் இன்னொரு வண்டியின் மோதலைத் தாங்குவதற்காகத் தைக்கப்பட்டதல்ல. பிள்ளைகளின் விலா எலும்பு வளைந்துகொடுக்கும். எலும்பு முறியாமலே நுரையீரலில் அடிபடலாம். வெளியே கீறல்கூட இல்லை என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மார்புக் கவசம் அணியாத பிள்ளையை டிராக்கில் விடவே கூடாது. தலையில் அடி என்ற சந்தேகம் எழுந்தாலே அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. பிள்ளை அழுதாலும் முடிந்ததுதான்.

ஹெல்மெட்டை "வளர்கிற பிள்ளை" என்று ஓரளவு பெரிதாக வாங்காதீர்கள். வாரைக் கட்டியபின் பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அது ஹெல்மெட்டே அல்ல. எடையையும் பாருங்கள்: பெரியவர் கழுத்துக்கு ஒன்றரைக் கிலோ ஒன்றுமில்லை, 12 வயதுக் கழுத்துக்கு அது பாரம். விழுந்தால் உருண்டு நிற்கும்வரை எழ முயலாமல், நின்றபின் வண்டிகள் வரும் திசையை முதலில் பார்த்து, பிறகே நகரப் பழக்குங்கள். வண்டி ஓட்டாமல் வெறும் புல்லிலும் பாயிலும் இதைப் பழக்கலாம்.

12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையே பிள்ளை 15, 20 கிலோ கூடிவிடும். எடையின் தயவு கரையும். முன்பு பிள்ளை முந்தியவர்களே இப்போது பிள்ளையை முந்துவார்கள். வீட்டில் "பையன் கவனம் சிதறிவிட்டது" என்பார்கள். எடையின் தயவு இல்லாமல் வென்ற ஒன்ஜுவுக்கே வாலென்சியாவுக்கு அடுத்த ஆண்டு ஒருமுறைகூட முதல் மூவரில் ஒருவராக மேடையேறக் கிடைக்கவில்லை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, முழு கிட்டோடு எடை, உயரம், ஸ்பிரிங், பிரீலோட், பின் ஸ்பிராக்கெட்டின் பல், ஒவ்வொரு வளைவின் குறைந்த வேகம். மூன்று கிலோ கூடும்போதெல்லாம் சஸ்பென்ஷனை மறுபடி அளங்கள். லேப் நேரம் கூடிய நாளில் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பத்தியை மட்டும் திறந்து பாருங்கள். வளைவின் வேகம் அப்படியே இருந்தால், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசாதீர்கள்.

நன்றி, வணக்கம்.