ஒட்டு தெரியாம ஒட்டணும்

வணக்கம். இன்னிக்கு 360 டிகிரி வீடியோ பத்தி கொஞ்சம் பேசலாம்னு வந்திருக்கேன், அதாங்க, போனை இப்படி அப்படி திருப்புனா மேல, கீழ, முதுகுக்குப் பின்னாடின்னு எல்லாப் பக்கமும் தெரியுமே, அது. பாக்க வேண்டிய விஷயத்த ரேடியோல பேசறது வேடிக்கைதான், பரவால்ல, கேளுங்க.

இது ஏதோ நேத்து வந்த சமாச்சாரம்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. 1900ல பாரிஸ் உலகக் கண்காட்சிக்கே ரவுல் கிரிமுவான் சான்சோன்னு ஒருத்தர் சினியோராமான்னு ஒண்ணு பண்ணாரு. பலூன்ல 10 கேமராவ வட்டமா வச்சு படம் எடுத்து, அத 10 புரொஜெக்டர்ல ஜனங்களச் சுத்தி ஓட்டறதுன்னு திட்டம், ஜனங்க நிக்கற மேடையே பலூன் கூடை மாதிரி செட்டு. புரொஜெக்டர் எல்லாம் அந்த மேடைக்கு அடியில. புரொஜெக்டருக்குள்ள பயங்கர வெளிச்சமா எரியற ஆர்க் விளக்கு 10 சேர்ந்து எரிஞ்சா அனல் எப்படி இருக்கும்? ஆபத்துன்னு நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான்.

அப்புறம் 1955ல டிஸ்னிலேண்ட்ல சர்க்கராமான்னு, ஜனங்களச் சுத்தி வட்டமா 11 திரை வச்ச தியேட்டர் வந்துச்சு, படம் எடுத்தது 16 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமரா 11. ஏன் 10 இல்ல, 12 இல்லன்னா, புரொஜெக்டர ரெண்டு திரைக்கு நடுவுல இருக்கற இடுக்குல ஒளிச்சு வச்சு எதிர்த் திரைல அடிக்கணும், ஒற்றைப்படையா இருந்தாத்தான் ஒவ்வொரு இடுக்குக்கும் நேர் எதிர்ல ஒரு திரை வரும். இந்த மாதிரி சின்ன புத்திசாலித்தனம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனா இதெல்லாம் வளையம்தான், தலைக்கு மேலயும் காலுக்குக் கீழயும் ஒண்ணும் கிடையாது. முழு உருண்டைய வீடியோவா புடிக்க டேவிட் மெக்கட்சன்ங்கறவர் 1991ல பேட்டன்ட் வாங்குனாரு. 12 ஐங்கோண முகம் இருக்கற உருவம், அதுல முகத்துக்கு ஒரு லென்ஸ். அந்த வழியில வந்த டோடெகா கேமரால 11 லென்ஸ்தான், மிச்ச ஒரு முகம் ஸ்டாண்டுக்குப் போயிடுச்சு. 2007ல கூகுள் மேப்புல தெருவச் சுத்திப் பாக்கற ஸ்ட்ரீட் வியூ ஆரம்பிச்சப்போ அதுல வந்த படங்கள்ல நிறைய இந்தக் கேமரால எடுத்ததுதான்.

சரி, லென்ஸ் நிறைய வச்சா வேலை முடிஞ்சுதான்னா, ஒவ்வொரு லென்ஸ் எடுத்ததையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே படமா ஆக்கணும், அங்கதான் தலைவலியே ஆரம்பம். கட்டை விரல முகத்துக்கு முன்னாடி நீட்டி ஒரு கண்ண மூடிப் பாருங்க, அப்புறம் மத்த கண்ண. விரல் தாவுதா? சுவர் அப்படியேதான் இருக்கு. ரெண்டு லென்ஸ் பக்கத்து பக்கத்துல இருந்தாலும் இதே கதைதான், தூரத்து மலை ஒழுங்கா ஒட்டும், கிட்ட நிக்கற ஆளோட மூக்கு பாதி இங்க பாதி அங்கன்னு வெட்டுப்படும். சாஃப்ட்வேர் என்னதான் இழுத்துப் பிடிச்சு ஒட்டுனாலும், ரெண்டு லென்ஸும் ஒரே புள்ளியில இருக்க முடியாதுங்கறத மாத்த முடியாதுல்ல.

அதனாலதான் லென்ஸ் எண்ணிக்கையக் கூட்டறத விட்டுட்டு குறைக்க ஆரம்பிச்சாங்க. 2013ல ரிக்கோ தீட்டாங்கற கேமரா முதுகோட முதுகு ஒட்டுன மாதிரி ரெண்டே ஃபிஷ்ஐ லென்ஸோட வந்துச்சு, முதல்ல போட்டோ மட்டும், அடுத்த வருஷ மாடல்ல வீடியோ. ஒவ்வொண்ணும் 180 டிகிரிக்கு மேல பாக்கும், அதனால ஒட்டு ஒரே ஒரு வளையம்தான். 2015 மார்ச்ல யூடியூபும் 360 வீடியோவ ஏத்துக்கிச்சு, அதுக்கப்புறம்தான் இது சாதாரண ஜனங்க கைக்கு வந்துச்சுன்னு சொல்வேன்.

இன்னொரு விஷயம், 4கேன்னு போட்டிருக்கே, ஏன் மங்கலா தெரியுதுன்னு கேக்கறாங்க. உருண்டைய உலக மேப் மாதிரி தட்டையா விரிச்சுத்தான் ஃபைலா வைக்கறாங்க, 4கேன்னா குறுக்க 3840 பிக்சல். அது சுத்தி இருக்கற 360 டிகிரிக்கும் சேர்த்து. நீங்க ஒரு நேரத்துல 90 டிகிரி பாத்தா உங்க கண்ணுக்கு வர்றது 960தான்! அதுல இந்த மேப் முறைல உச்சந்தலைல இருக்கற ஒரு புள்ளி, மேல் வரி முழுக்க 3840 பிக்சலா இழுபடுது, சுத்த வேஸ்ட். அதான் கூகுள் 2017ல உருண்டைய கனசதுரத்தோட 6 பக்கமா பிரிச்சு வைக்கற முறைக்கு மாறுச்சு.

யாராவது ரெண்டு லென்ஸ் கேமரா வாங்கியிருந்தா ஒண்ணே ஒண்ணு பாத்துக்கோங்க, முக்கியமான ஆள லென்ஸுக்கு நேரா நிக்க வைங்க, கேமராவோட பக்கவாட்டுல கிட்ட நிக்க விடாதீங்க. குரூப்பா சுத்தி நின்னா எப்படியும் ரெண்டு பேர் ஒட்டுல மாட்டுவாங்க, அவங்கள மட்டும் ரெண்டடி பின்னாடி போகச் சொல்லுங்க.