ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(கலிஃபோர்னியா விரிகுடாப் பகுதியில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பள்ளித் தலைவர் அவர்களே, வருடக்கணக்கில் எங்களுக்காக வார இறுதித் தூக்கத்தை விட்டுக்கொடுத்த முதல்வர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அவர்களே! (பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் தம்பி, நான் சொல்வதைவிடக் கொஞ்சம் நன்றாகவே சொல்லிவிடப்பா.) எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட பெரியவர் அவர்களே, காலை ஐந்து மணியிலிருந்து புளியோதரை கிளறிக்கொண்டிருக்கும் சமையலறைத் தன்னார்வலர்களே, பெற்றோர்களே, தாத்தா பாட்டிகளே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும், உயர்நிலைப் பள்ளி வயதில் உள்ள என் எட்டாம் நிலை மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்த அரங்கத்துக் குளிரில் முதல்முறையாக ஒரு பொன்னாடை நிஜமாகவே பயன்படுகிறது.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டைப் பற்றி எப்படிச் சொல்லித்தருவது என்று பேசச் சொன்னார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும், டிவியில் பார்க்கிறார்கள். நான் பேச வந்தது ஓட்டுச்சீட்டின் பின்பக்கத்தைப் பற்றி. ப்ராப் 13, ப்ராப் 22, மெஷர் ஏ என்று வரிசையாக இருக்குமே, ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடமே நேராகக் கேட்கும் அந்த முன்மொழிவுகள். (ப்ராப் என்பது ப்ராபோசிஷனின் சுருக்கம்.) மூன்று விஷயம் சொல்கிறேன். இவை எங்கிருந்து வந்தன, இவற்றை எப்படிப் படிப்பது, இவற்றுக்குப் பின்னால் புரளும் பணம்.

என் அப்பா கும்பகோணத்துப் பக்கம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பால்காரர் கணக்கிலிருந்து பேத்தியின் கல்லூரி விண்ணப்பம் வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பழமொழிதான்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. முன்மொழிவுக்கு இந்த ஊரில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். மெஷர். அளவு! அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, முதல் விஷயம். நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மாநிலத்தின் அரசியல் சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனியின் கைக்குள் இருந்தது. அதை உதைத்துத் தள்ளுவேன் என்று சொல்லி ஆளுநரானவர் ஹிராம் ஜான்சன். சட்டமன்றம் செய்யாததை மக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டமாக்கலாம், சட்டமன்றம் செய்ததை மக்களே ரத்தும் செய்யலாம் என்ற உரிமை 1911 அக்டோபர் 10 அன்று நடந்த வாக்கெடுப்பில் வந்தது. அதே நாளில்தான் கலிஃபோர்னியாப் பெண்களுக்கு ஓட்டுரிமையும் வந்தது. இன்று ஒரு புதுச் சட்டத்தைச் சீட்டில் ஏற்றப் போன ஆளுநர் தேர்தலில் விழுந்த ஓட்டில் நூற்றுக்கு 5 பங்கு கையெழுத்து வேண்டும். அரசியலமைப்பைத் திருத்த 8 பங்கு.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழங்கதை. அவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் கணக்கு ப்ராப் 13. 1978இல் வந்தது. அடிப்படைச் சொத்து வரி, சொத்தின் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வீடு கைமாறும் வரை அந்த மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஒருவர் 1980இல் 1 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டின் வரி மதிப்பு நாற்பது வருடம் கழித்து அதிகபட்சம் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம். பக்கத்து வீட்டை நேற்று 15 லட்சத்துக்கு வாங்கிய நம் ஆள் 15 ஆயிரம் கட்டுவார், 1980இல் வாங்கியவர் 2,200 கட்டுவார். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். இதை நியாயம் என்று பாதி வகுப்பும், அநியாயம் என்று மீதி வகுப்பும் வாதாட வேண்டும். போன முறை நியாயம் என்று வாதாடிய பையன், வீட்டுக்குப் போய் வரிச்சீட்டைப் பார்த்துவிட்டு மறுவாரம் கட்சி மாறிவிட்டான்.

இரண்டாவது, எப்படிப் படிப்பது. இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். மணி அடிக்கும் அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020. அப்பா ஜனவரியில் வந்தார், ஆறு மாதத்தில் திரும்புவதாக. மார்ச்சில் விமானம் நின்றுபோனது. அக்டோபரில் ஓட்டுச்சீட்டு தபாலில் வந்தபோதும் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தார். சீட்டைப் பிரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இது ஓட்டுச்சீட்டா, வினாத்தாளா?" என்றார். அந்த வருடம் மாநில முன்மொழிவு மட்டும் பன்னிரண்டு. அவர் அந்தக் காலத்தில் எத்தனையோ தேர்தலில் வாக்குச்சாவடி அதிகாரியாகப் போனவர். ஓட்டுப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்தவர். சின்னத்தைப் பார், முத்திரையைக் குத்து, மடித்துப் போடு. அவருக்குத் தெரிந்த ஓட்டு அவ்வளவுதான்.

நான் கெட்டிக்காரத்தனமாகப் பேனாவை எடுத்து விறுவிறு என்று நிரப்ப ஆரம்பித்தேன். ப்ராப் 25 வந்தது. ஜாமீனுக்குப் பணம் கட்டும் முறை பற்றியது. பணம் இருப்பவன் வீட்டுக்குப் போகிறான், இல்லாதவன் உள்ளே கிடக்கிறான், அந்த முறை எனக்கு வேண்டாம். அதனால் 'நோ' வட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனேன். என் மகள், அப்போது அவளுக்குப் பதினாறு, சப்பாத்தியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, நீ எதுக்கு நோ சொல்ற?"

"ஜாமீன் பணத்துக்கு."

"அப்போ யெஸ் போடணும்."

எனக்குக் கோபம் வந்தது. இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், எனக்கா சொல்லித்தருகிறாய் என்று. அவள் தபாலில் வந்த அந்தத் தடிமனான வாக்காளர் கையேட்டை எடுத்துவந்தாள். 2018இல் சட்டமன்றம் ஜாமீன் பணத்தை ஒழித்து ஒரு சட்டம் போட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருக்காக ஜாமீன் பணம் கட்டும் தொழில் செய்பவர்கள் கையெழுத்துத் திரட்டி அதை நிறுத்திவைத்து, மக்களிடம் கேட்போம் என்று சீட்டில் ஏற்றிவிட்டார்கள். ஆக 'யெஸ்' என்றால் புதுச் சட்டம் இருக்கட்டும், பணம் ஒழியட்டும். 'நோ' என்றால் சட்டம் போகட்டும், பழையபடி பணம் கட்டு. நான் தலைகீழாகப் போட இருந்தேன்!

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், பேத்தியை மேசைக்கு எதிரே உட்காரவைத்தார். "பாப்பா, ஒவ்வொன்னுக்கும் ரெண்டே கேள்வி. இன்னைக்குச் சட்டம் என்ன? யெஸ் ஜெயிச்சா நாளைக் காலையில என்ன மாறும்? இது ரெண்டையும் தமிழ்ல எனக்குச் சொல்லு. சொல்ல வரலைன்னா உனக்குப் புரியலைன்னு அர்த்தம்." மூன்று இரவு நடந்தது இது. சிறுநீரகச் சுத்திகரிப்பு மையம் பற்றிய ப்ராப் 23க்கு அவள் 'டயாலிசிஸ்' என்பதைத் தாண்டவே முடியாமல் தவித்தாள். (அந்த மையங்களைப் பற்றி 2018, 2020, 2022 என்று மூன்று முறை முன்மொழிவைச் சீட்டில் ஏற்றினார்கள், மூன்று முறையும் தோற்றது.) ப்ராப் 18 வந்தபோது இருவரும் சண்டை போட்டார்கள். நவம்பருக்குள் பதினெட்டு ஆகிறவர்கள் பதினேழிலேயே முதல்நிலைத் தேர்தலில், அதாவது நவம்பருக்கு முன் வேட்பாளர்களை வடிகட்டும் தேர்தலில், ஓட்டுப் போடலாமா என்பது அது. தாத்தா கூடாது என்றார், பேத்தி எழுந்து போய்விட்டாள். கடைசியில் அந்த வீட்டிலேயே பன்னிரண்டையும் முழுக்கப் படித்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் ஓட்டு இல்லை. ஓட்டு இருந்த என் கணவர் என் சீட்டைப் பார்த்து நிரப்பினார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று அப்பா முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை.

ப்ராப் 25 தோற்றது, 18ம் தோற்றது. அது வேறு விஷயம். அந்த இரண்டு கேள்விதான் இன்று எங்கள் எட்டாம் நிலையின் பாடம். முன்மொழிவின் தலைப்பைக் கடைசியில் படியுங்கள் என்றும் சொல்கிறேன். அந்தத் தலைப்பை எழுதுவது மாநில அட்டர்னி ஜெனரல், அவரும் தேர்தலில் நின்று வருபவர்தான். நடுநிலையான சட்டமன்ற ஆய்வாளர் எழுதும் செலவுக் கணக்கை முதலில் படியுங்கள். ஆதரவு வாதத்தையும் எதிர்ப்பு வாதத்தையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துப் படியுங்கள். படித்ததைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லுங்கள். தமிழும் வளரும்.

இப்போது நான் உண்மையில் எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதானவர்கள் இந்த மாநிலத்தில் வாக்குச்சாவடியில் வேலை செய்யலாம். சாவடியைத் திறக்க உதவலாம், பெயர் பார்க்கலாம், சீட்டு கொடுக்கலாம். மதிப்பெண் சராசரி (ஜிபிஏ) 2.5 இருக்க வேண்டும், பள்ளியின் சம்மதம் வேண்டும், பயிற்சிக்குப் போக வேண்டும். குடியுரிமைதான் வேண்டும் என்பதில்லை, கிரீன் கார்டு போதும்! அன்றைக்குப் பள்ளிக்கு லீவு போட்டால் அது முறையான விடுப்பு. ஏப்ரலிலும் செப்டம்பரிலும் கடைசி இரண்டு முழு வாரங்களை உயர்நிலைப் பள்ளி வாக்காளர் கல்வி வாரங்கள் என்று சட்டமே ஒதுக்கியிருக்கிறது. அப்படியும் என் மகள் படித்த பள்ளியின் அலுவலகத்தில் போய்க் கேட்டபோது இப்படி ஒரு திட்டம் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. படிவத்தை நாங்களே அச்செடுத்துக்கொண்டு போனோம்.

தமிழ் மேடையில் தேர்தல் என்றால் உத்திரமேரூர் வந்துதான் ஆக வேண்டும், வந்துவிட்டது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 1,100 வருடம் ஆகிறது. ஆனால் எல்லோரும் சொல்வதுபோல் அது ஓட்டு இல்லை, குலுக்கல். தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பது. எனக்குப் பிடித்தது வேறு வரி. ஓலையை எடுப்பது யார்? உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன். ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்தில் உட்கார முப்பத்தைந்து வயது ஆக வேண்டும், ஆனால் குடத்துக்குள் கை விடப் பெரியவர்களை ஊர் நம்பவில்லை.

2020இல் கொரோனாவுக்குப் பயந்து வயதானவர்கள் பலர் வாக்குச்சாவடி வேலைக்கு வரவில்லை. என் மகள் முகக்கவசத்தோடு போனாள். மாலையில் ஒரு பாட்டி, புடவையும் ஸ்வெட்டரும், சீட்டின் பின்பக்கத்தைக் காட்டி, "இதுல எதுக்கும்மா போடணும்?" என்று கேட்டிருக்கிறார். அதைச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. "பாட்டி, எதுக்குப் போடணும்னு நான் சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரியாததைக் காலியா விட்டாலும் மத்த ஓட்டு செல்லும்" என்று மட்டும் சொல்லிக் கையேட்டை எடுத்துக் கொடுத்தாளாம். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் படித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நம் பிள்ளைகள் ஐம்பது பேர் வரும் நவம்பரில் ஐம்பது சாவடியில் அப்படி உட்கார வேண்டும் என்பதுதான் என் பேராசை.

பெற்றோரின் வேலை விசாவை ஒட்டி எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேலையும் கிடையாது. அந்தப் பெற்றோர் என்னைப் பார்ப்பது தெரிகிறது. என்னிடம் பதில் இல்லை. நாங்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். அந்தப் பிள்ளைகளை வகுப்பில் எதிர்ப்பு வாதத்துக்குத் தலைவர்களாகப் போடுகிறேன், இப்போதைக்கு என்னால் முடிந்தது அது. குடிமக்களாக உள்ள பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள் வாக்காளராக இன்றே முன்பதிவு செய்யலாம், பதினெட்டாம் பிறந்தநாளில் அது தானாக உயிர் பெறும்.

மூன்றாவதாகப் பணம் என்றேன். மேடைக்குத் துண்டுச்சீட்டு வந்துவிட்டது, 'முடிக்கவும்' என்று. ஊபர், லிஃப்ட் போன்ற கம்பெனிகள் தங்கள் ஓட்டுநர்களை ஊழியர்களாக நடத்தாமலிருக்கக் கொண்டுவந்த ப்ராப் 22க்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவானது என்பதோடு விட்டுவிடுகிறேன். அடுத்த ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட ஒரு காரணம் இருக்கட்டும்.

நகர மன்ற உறுப்பினர் அவர்களே, மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு எங்கள் சார்பில் ஒரு வார்த்தை சொன்னால் நன்றியோடு இருப்போம். தம்பி, இதை மட்டும் சரியாக மொழிபெயர்த்துவிடு. படிவங்கள் புளியோதரை வரிசைக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன. பேனாவும் இருக்கிறது. என் மகள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், தட்டோடு வருகிறவர்களிடம் பதினாறு ஆகிவிட்டதா என்று கேட்பாள். நன்றி, வணக்கம்.