அனுப்பியது யார்?

(கோவையில் கால்பந்து ரசிகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கமுங்க.

சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று அவரவர் அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பார்க்கவே நிறைவாக இருக்கிறது. ஒரு கிளப்பின் மேனேஜர், அதாவது அணியை நடத்துகிற தலைமைக் கோச், மாறும்போது ரசிகர்களாகிய நமக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

செய்தி எப்படி வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வேலை நேரத்தில்தான் வரும். திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நிற்கிற பையனின் செல்போன் அதிர்கிறது. எடுத்துப் பார்த்தால் கிளப்பின் அறிவிப்பு, நாலு வரி. இதுவரை செய்த பணிக்கு நன்றி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். யார் முடிவெடுத்தார்கள், ஏன் இப்போது எடுத்தார்கள், இனி என்ன திட்டம், ஒன்றுமே அதில் இருக்காது. சாயங்காலம் பேக்கரியில் டீ வருவதற்குள் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "தூக்கினது சரிதானுங்ண்ணா" என்று ஒருவர். "இன்னொரு சீசன் குடுத்துப் பார்த்திருக்கோணும்" என்று இன்னொருவர். ராத்திரிக்குள் அடுத்து வரப்போவது யார் என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

போகிறவரைப் பற்றிப் பேசுகிறோம். வருகிறவரைப் பற்றிப் பேசுகிறோம். அனுப்பியவரைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறோம். என் ஆதங்கம் அதுதான். சரக்கு ரிஜெக்ட் ஆகி வந்தால் கட்டிங் மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மட்டமான நூலை வாங்கிப் போட்டவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தால் எப்படி இருக்கும்? கால்பந்தில் அதுதான் வருடா வருடம் நடந்துகொண்டிருக்கிறது.

ரசிகர்களின் கோபம் எப்போதும் நியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. 1989 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் ஒரு பேனரைத் தூக்கிப் பிடித்தார்கள். மூன்று வருடமாகச் சாக்குப்போக்கு, இன்னும் உருப்படவில்லை, போய் வாங்க ஃபெர்கி என்பதுதான் அதன் சாரம். ஃபெர்கி என்பது மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன், 1986 நவம்பரில் பொறுப்பேற்றவர். அன்றைக்கு மான்செஸ்டர் யுனைடெட் ஆடிய ஆட்டத்தை நேரில் பார்த்திருந்தால் அந்தப் பேனரின் ஒரு முனையை நானும் பிடித்திருப்பேனோ என்னவோ. நிர்வாகம் அசையவில்லை. சில மாதங்களில் இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பை வந்தது. 1993-ல் லீக் பட்டம் வந்தது. 2013-ல் அவர் ஓய்வு பெறும்போது லீக் பட்டங்கள் மட்டும் 13. அவரை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து வந்த டேவிட் மோயஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். பத்தே மாதத்தில் முடிந்துபோனது. 2014 மார்ச்சில் ஆஸ்டன் வில்லாவோடு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, சில ரசிகர்கள் காசு திரட்டி அமர்த்திய விமானம் ஒன்று, மோயஸே வெளியேறு என்ற வாசகத்தை இழுத்துக்கொண்டு மைதானத்தின் மேல் பறந்தது. கீழே இருந்த கூட்டம் என்ன செய்தது தெரியுங்களா? விமானத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டது. மோயஸுக்குக் கை தட்டியது. அவர் பிரமாதமான மேனேஜர் என்று நினைத்தா தட்டினார்கள்? ஒரு மனுஷனை அந்த மாதிரி அவமானப்படுத்தக்கூடாது என்றுதான் தட்டினார்கள். சில வாரங்களில் நிர்வாகம் அவரை அனுப்பிவிட்டது, அது வேறு கதை. மைதானத்துக்குள் இருந்தவர்களின் அந்த நியாய உணர்ச்சியை நான் மறக்கவே மாட்டேன்.

மோயஸுக்குப் பிறகு வான் கால், மொரினியோ, சோல்ஷார், டென் ஹாக், அமோரிம் என்று வரிசையாக வந்தார்கள். 2016-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற இரண்டாம் நாளே வான் காலை அனுப்பினார்கள். 2005-ல் அந்தக் கிளப்பை வாங்கிய கிளேசர் குடும்பம் இத்தனை மாற்றத்திலும் அப்படியே இருந்தது. 2024-ல் ஜிம் ராட்கிளிஃப் கால் பங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக வாங்கினார், அவ்வளவுதான். தோல்விக்குக் காரணம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்தான் என்றால் இத்தனை பேரில் ஒருவராவது சரியாக அமைந்திருக்க வேண்டாமா?

வென்றவர்களுக்காவது பாதுகாப்பு உண்டா என்றால் அதுவும் கிடையாது. லெஸ்டர் மேனேஜர் கிளாடியோ ரனியேரியை நினைத்துக்கொள்ளுங்கள். வெல்ல 5000-க்கு 1 வாய்ப்புதான் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்ட லெஸ்டர் சிட்டி, 2016-ல் இங்கிலாந்து லீக்கை வென்றது. ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், ஸ்பெயினில் செவியாவோடு ஆடித் தோற்ற மறுநாள் அவரை நீக்கினார்கள். அணி அப்போது 20 அணிகளில் 17-வது இடத்தில், கீழ் லீக்குக்கு இறங்கிப் போகும் ஆபத்தில் இருந்தது. அவர் போன பிறகு அணி எழுந்துகொண்டது என்பதும் உண்மைதான். கணக்குப்படி நிர்வாகம் செய்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் ரசிகர்களின் மனசு ஆறவில்லை. வாழ்நாளில் ஒரு முறைகூட நடக்காது என்று இருந்ததை நடத்திக் காட்டிய மனிதர். அவரை இறங்கிப் போகிற அணியோடேயே வைத்திருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்போம் என்று சொன்ன லெஸ்டர் ரசிகர்கள் உண்டு. நானும் அவர்கள் பக்கம்தான்.

இன்னும் கிட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டாட்டன்ஹாம் ஜெர்சி போட்டவர்கள் இங்கே நாலைந்து பேர் தெரிகிறீர்கள். உங்கள் மேனேஜராக இருந்த ஆஞ்சி போஸ்டெகோக்லு, என் இரண்டாம் வருடத்தில் நான் எப்போதும் கோப்பை வெல்வேன் என்று 2024-ல் சொன்னார். அந்த சீசனில் லீக்கில் 22 தோல்வி, 17-வது இடம். ஆனால் 2025 மே 21 அன்று பில்பாவோவில் யுனைடெட்டை 1-0 என்று வென்று, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கினார்கள். 2008-க்குப் பிறகு அந்தக் கிளப் பார்த்த முதல் கோப்பை. நமக்கு நள்ளிரவு 12.30-க்கு ஆரம்பித்த ஆட்டம். பீளமேடு பக்கம் கல்லூரிப் பையன்கள் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டின் மொட்டை மாடியில், சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டரில் பார்த்தோம். முதல் பாதி முடியப்போகிற நேரத்தில் பிரென்னன் ஜான்சன் காலில் பட்டும் படாமலும் பந்து உள்ளே போனது. அதற்கப்புறம் ஒரு பையன் உட்காரவே இல்லை. இரண்டாம் பாதி முழுக்க வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்த்தான். காற்றில் வேட்டி ஆடினால் ஆட்டம் தெரியாது என்று அவனுக்குப் பயம்.

பதினாறாம் நாள் போஸ்டெகோக்லுவை நீக்கினார்கள். அதே மாடியில் அதே பையன்களுக்குள் பெரிய வாக்குவாதம். 17-வது இடத்துக்கு எந்த மேனேஜரை வைத்திருப்பார்கள் என்று ஒருவன் கேட்டான். அதுவும் நியாயமான கேள்விதான். வேட்டியைப் பிடித்திருந்த பையன் மட்டும் வேறு ஒன்றைக் கேட்டான். "கோப்பை வேணுமா, லீக்ல மேல நிக்கோணுமான்னு நம்மளை யாராச்சும் கேட்டாங்களா?" அத்தனை பேர் பேசியதில் எனக்கு மனசில் நின்றது அந்த ஒன்றுதான்.

ரசிகர்கள் மறப்பவர்களும் இல்லை. 2012 மே மாதம் செல்சி கிளப்புக்கு, ஐரோப்பாவின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை முதல் முறையாக வாங்கிக் கொடுத்த மேனேஜர் டி மேட்டியோவை அந்த நவம்பரிலேயே அனுப்பினார்கள். அவர் ஆடிய காலத்தில் ஜெர்சி எண் 16. பதிலுக்கு வந்த பெனிட்டஸின் ஆட்டங்களில், கடிகாரம் 16-வது நிமிடத்தைத் தொட்டதும் அரங்கம் எழுந்து பழையவரின் பெயரைச் சொல்லிக் கை தட்டும். பெனிட்டஸ் அடுத்த மே மாதம் யூரோப்பா லீக்கை வென்று கொடுத்தார். அவருக்கு அந்த அன்பு கிடைக்கவில்லை. அது அவருக்கு இழைத்த அநியாயம் என்றே நினைக்கிறேன். முடிவெடுத்தவர் மேல் இருந்த கோபத்தை வந்தவர் சுமந்தார்.

நல்ல விதமாகவும் பிரியலாம். 2024 ஜனவரியிலேயே, சீசன் முடிந்ததும் கிளம்புகிறேன் என்று மேனேஜர் யூர்கன் கிளாப் லிவர்பூல்காரர்களிடம் சொல்லிவிட்டார். அழுவதற்கும் ஆறுவதற்கும் அவர்களுக்கு நாலு மாதம் கிடைத்தது. கடைசி ஆட்டம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து, அடுத்து வருகிற ஆர்னே ஸ்லாட்டின் பெயரை அவரே பாடிக் காட்டி, கூட்டத்தையும் பாட வைத்தார். அடுத்த சீசனில் லிவர்பூல் லீக்கை வென்றது. பாடியதால் வென்றார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர் பழையவரின் நிழலோடு சண்டை போட வேண்டியிருக்கவில்லை.

கடல் தாண்டிய கதை போதும், வாளையாறு தாண்டினால் போதும். இங்கிருந்து ரயிலேறி கொச்சி கலூர் மைதானத்துக்குப் போய்வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். கொச்சியின் கிளப்பான கேரளா பிளாஸ்டர்ஸுக்கு இவான் வுகோமானோவிச் மூன்று சீசன் கோச்சாக இருந்தார். மூன்றிலும் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்று, 2022-ல் இறுதி ஆட்டம். 2023-ல் பெங்களூருவில் எதிரணியின் சுனில் சேத்ரி அவசரமாக அடித்த ஃப்ரீ கிக்கைக் கோல் என்று அறிவித்தபோது, அணியையே களத்தைவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். அது சரியா தப்பா என்று இன்னமும் பேசலாம். பத்து ஆட்டம் தடை வாங்கினார். ஆனால் அன்றைக்கு மஞ்சள் சட்டைக்காரர்கள் அவரைத் தங்கள் வீட்டு ஆளாக எடுத்துக்கொண்டார்கள். 2024 ஏப்ரலில் அவர் போனார். பின்னால் வந்த மிக்கேல் ஸ்டாரே 12 ஆட்டத்தில் 3 வெற்றியோடு டிசம்பரில் நீக்கப்பட்டார். இங்கே கவனியுங்கள், கோச்சை நீக்கியும் ரசிகர்கள் அடங்கவில்லை. அவர்களின் கோபம் நிர்வாகத்தின் மேல் இருந்தது. யாரைக் கேட்க வேண்டுமோ அவர்களைக் கேட்டார்கள். அதற்காக அவர்களுக்கு என் வணக்கம்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். சின்னப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக் பட்டம் ஒரு முறை கோவை நேரு ஸ்டேடியத்தில் வைத்து வெல்லப்பட்டது. பெயர் சென்னை சிட்டி, ஆடியது கோவையில். 2017-18-ல் பத்து அணிகளில் எட்டாவதாக முடித்த அணி அது. கோச் மாறினார். சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் வந்தார். யார் இவர், இங்கே என்ன செய்துவிடப் போகிறார் என்றுதான் கேலரியில் பேச்சு. அவர் பந்தைத் தரையில் வைத்து ஆடச் சொல்லிக் கொடுத்தார். ஸ்பெயினிலிருந்து வந்த வீரர்களையும் நம் பையன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைத்தார். பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார்.

2019 மார்ச் 9, கடைசி நாள். ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி முன்னிலை. அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடுகிறார்கள், நமக்கு இங்கே மினர்வா பஞ்சாப். ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே நாம் ஒரு கோல் வாங்கிவிட்டோம். அரை நேரம் வரை கேலரியில் பேச்சே இல்லை, எல்லோர் கையிலும் செல்போன், எல்லோர் கண்ணும் கோழிக்கோட்டு ஸ்கோரில். இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா ஒன்று, கூடுதல் நேரத்தில் அவரே இன்னொன்று. 3-1. ஈஸ்ட் பெங்கால் அங்கே வென்றும் பயனில்லை. 43-க்கு 42.

அந்த வருடமே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. நமக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. பிறகு மான்சி ஜப்பானுக்குப் போனார். நவாஸ் போனார், வேறு கோச் வந்தார். 2020-21 சீசன் கொரோனாவால் மேற்கு வங்கத்திலேயே நடந்தது. அதற்கு அடுத்த ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோச் மாறியபோது நவாஸ் நல்லவரா, வந்தவர் நல்லவரா என்று வாய் வலிக்கப் பேசினோம். கிளப் இருக்குமா என்று கேட்கிற இடத்தில் நாம் இருக்கவில்லை. நம் கையில் ஒரு பங்கும் இல்லை, ஒரு ஓட்டும் இல்லை.

அந்த இடத்தில் இருக்கிறவர்களும் உலகத்தில் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு ஒன்று கூடுதலான ஓட்டு உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. 2024 தொடக்கத்தில் லீக் நிர்வாகம் வெளி முதலீட்டாளரைக் கொண்டுவரப் பார்த்தபோது, ரசிகர்கள் வாராவாரம் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் 2021 ஏப்ரலில் பெரிய கிளப்புகளுக்குத் தனியாக சூப்பர் லீக் என்று கிளம்பிய ஆறு கிளப்புகள், ரசிகர்கள் தெருவுக்கு வந்ததும் இரண்டே நாளில் பின்வாங்கின. 2025-ல் அங்கே சட்டமே வந்து, கால்பந்துக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பு ஏற்பட்டிருக்கிறது. முக்கியமான விஷயங்களில் ரசிகர்களைக் கலந்துபேச வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

நம் ஊரில் சங்கம் வைப்பது பெரிய காரியமா? ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துவிடலாம். கோவைக்கு மறுபடியும் ஒரு தொழில்முறைக் கிளப் வந்தால், டிக்கெட் வாங்குவதற்கு முன்பு அந்தச் சங்கம் போய்க் கேட்க வேண்டியது சில உண்டு. கோச்சுக்கு எத்தனை வருட ஒப்பந்தம்? ஆட்களைத் தேர்வு செய்வது அவரா, ஆபீஸா? மாவட்ட லீக்கில் ஆடுகிற நம் பையன்களுக்கு எத்தனை இடம்? கோச்சை மாற்றினால் காரணத்தை எங்களிடம் வந்து சொல்வீர்களா? அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். மாவட்ட லீக் ஆட்டங்களுக்குப் போங்கள். காலை வெயிலில் விசிலோடு நிற்கிற அந்தக் கோச்சுகளில் பலருக்குச் சம்பளமே கிடையாது. அவர்கள் ஏன் வந்தார்கள், ஏன் நின்றுவிட்டார்கள் என்று கேட்டுப் பழகுவோம்.

வாசல் பக்கம் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. சங்கத்தில் சேர விருப்பமுள்ளவர்கள் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போங்க. பொள்ளாச்சி, ஈரோடு, திருப்பூரிலிருந்து வந்தவர்களும் எழுதலாம். எந்த அணி ஜெர்சி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நன்றி, வணக்கமுங்க.